ஆட்டுத்தோல் புத்தகங்கள்

பழங்கால ஐரோப்பாவில், பிராங்கு நாட்டுக் கிறிஸ்தவ மடமொன்றில் புத்தகங்களை ஆட்டுத்தோலில் எழுதுவார்கள். ஆனால் நோயாளியைத் தவிர யாரும் ஆட்டுக்கறி தின்னக்கூடாது என்பது மடத்து விதி. ஆனாலும் மடாதிபதி ஓட்வின் கறியை ஒளித்துத் தின்றே கொழுத்தவர்.

நூலகத்தைப் பார்க்க அரசரின் அதிகாரி வருவதாகச் சேதி வந்தது.

"கறி என்னாச்சுன்னு கேட்டால் பொய்யும் சொல்லாதே, என் மானத்தையும் வாங்காதே. தவறினால் உன்னைத் துரத்திவிடுவேன்!" என்று ஓட்வின் சமையல்காரன் விக்போவை மிரட்டினார்.

அதிகாரி வந்தார், அலமாரிகளைப் பார்த்தார், கேட்டேவிட்டார்: "இத்தனை தோலுக்கும் உரித்த ஆடுகளின் கறி எங்கே போனது?"

"விதிப்படி நோயாளிதான் தின்னலாம் ஐயா. தின்றது எங்கள் மடாதிபதி சாமி ஒருவர்தான்," என்றான் விக்போ.

அதிகாரி மடாதிபதியின் பக்கம் திரும்பினார். ஓட்வின் வேறு வழியில்லாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

"ஐயோ பாவம்! உடனே இரத்தம் எடுங்கள்!" என்றார் அதிகாரி. உடம்பைக் கீறி இரத்தம் வடிப்பதுதான் அக்காலத்து வைத்தியம்.

கத்தியும் கிண்ணமும் தயாராக விக்போவின் கையில் இருந்தன. பார்த்ததுமே மடாதிபதிக்கு நோய் பறந்துவிட்டது. அன்றிலிருந்து மற்றவர்களைப் போல அவருக்கும் பயறுக் கஞ்சிதான்.