பெரியவரைப் பறக்கவிட்ட கதை

காத்தாடிப்பாளையத்தில் மூன்று பேர் இருந்தார்கள். மற்றவர்களும் இருந்தார்கள்தான், ஆனால் இந்தக் கதைக்கு இந்த மூவரே தாராளம். செங்கோடன் தலைவர், நாச்சிமுத்து செயலாளர், மருதாசலம் உறுப்பினர். மூவரும் ‘வானவூர்தி நண்பர் குழு’ என்று ஒன்று நடத்தினார்கள். வெள்ளையம்மா அக்கா வீட்டுக்குப் பின்னால் இருந்த ஓட்டு அறைதான் குழுவின் ஆபீஸ். ஐந்து வருடமாக அந்த அறையிலிருந்து கொசுவைத் தவிர வேறெதுவும் பறந்ததில்லை.

ஆடி மாதம் அக்காவுக்குச் சின்ன வெங்காயம் நன்றாக விளைந்து, கொட்டி வைக்க இடமில்லாமல் போனது.

“இத பாருங்க, வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள உங்க பிளேனு தரையத் தொடாம ரெண்டு நிமிசம் மேல நிக்கோணும். இல்லீன்னா ரூமுல வெங்காயத்தக் கொட்டிப்போடுவேன்” என்றார் அக்கா.

செங்கோடன் யோசித்துப் பார்த்தார். ஆபீஸ் போய்விட்டால் வெறும் ரோட்டில் நின்றுகொண்டு எப்படித் தலைவராக இருப்பது?

அன்றைக்கே கோயம்புத்தூருக்குப் போய் ஒரு பெட்டி வாங்கி வந்தார்கள். உள்ளே மெல்லிய மரக்குச்சிகள், இறக்கைக்குப் பட்டுக் காகிதம், பசை, ஒரு ரிமோட், தமிழில் ஒரு குறிப்புத்தாள். ‘இது அறுபது வருடத்துக்கு முந்தைய மாதிரிக் கிளைடர். இன்ஜின் கிடையாது. காற்றில் மிதக்கும்’ என்று தாள் ஆரம்பித்தது.

‘பசை காயும்வரை கையை எடுக்கக் கூடாது’ என்பது அடுத்த வரி. மறுநாள் காலை பசை தடவிய மூவரும் எடுக்கவில்லை. பசை காய்ந்த பிறகு எடுக்க முடியவில்லை. மத்தியானம் வரை மூன்று பேரும் ஒரே இறக்கையில் ஒட்டிக்கொண்டு, அடி அடியாக நகர்ந்து போய், அக்காவிடம் வெந்நீர் ஊற்றச் சொல்லிக் கழன்றார்கள்.

‘மூக்கில் கொஞ்சம் எடை சேர்க்கவும்’ என்றது தாள். மருதாசலம் மூக்கில் இரண்டு போல்ட்டுகளைக் கட்டினான். மூக்கு தொங்கியது. நாச்சிமுத்து வாலில் இரண்டைக் கட்டினான். வால் தொங்கியது. இப்படியே மூக்குக்கும் வாலுக்கும் நியாயம் செய்துகொண்டே போனதில் சாயங்காலம் கிளைடரைத் தூக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

“ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணாக் கழட்டிப் போடுங்க” என்றார் தலைவர். கழற்றினார்கள். எண்ணிக்கையில் தகராறு வந்து, மூக்கில் மட்டும் ஒரு போல்ட் மறந்து நின்றுவிட்டது. கிளைடர் கச்சிதமாகச் சமநிலைக்கு வந்தது. யாரும் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. அக்கா வீட்டு மொட்டை மாடியில் மூவரும் கிளைடரோடு நிற்க, கீழே வெள்ளையம்மா அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘கையில் பிடித்து முன்னோக்கி எறியவும்’ என்று தாளைப் படித்த மருதாசலம் அப்படியே நின்றுவிட்டான்.

“தலைவரே, இவருக்கு வயசு அறுவதுன்னு போட்டிருக்குதுங்களே.”

“ஆமாம், அதுக்கென்ன?”

“எங்கப்பாவ விட மூத்தவருங்க. பெரியவரப் போயி தூக்கி எறியறதுங்களா?”

 எப்பேர்ப்பட்ட பாவத்தைச் செய்ய இருந்தோம் என்று செங்கோடனுக்குக் கண் கலங்கியே விட்டது.

“நாற்காலி ஒண்ணக் கொண்டாந்து உக்கார வெச்சு, மருவாதியாக் கேட்டுப் பாக்கலாம்” என்றார்.

நாற்காலி வந்தது. பெரியவர் உட்கார்ந்தார். தலைவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார்.

“ஐயா, நேரமாச்சுங்க. நீங்களாப் பாத்துக் கெளம்புனீங்கன்னா நல்லாருக்கும்.”

சொல்லி வாய் மூடவில்லை, ஆடிக்காற்று ஒன்று அடித்தது. பெரியவர் எழுந்தார், மாடிச் சுவரைத் தாண்டினார், நாலே விநாடியில் அக்கா வீட்டுத் தென்னை மரத்தின் கொண்டையில் போய்ச் செருகிக்கொண்டார்.

“அவ்வளவுதான். வெங்காயத்தக் கொண்டாறச் சொல்லட்டுமா?” என்றார் அக்கா.

“இருங்கக்கா. தரையத் தொட்டாரா?” என்றார் செங்கோடன்.

“இல்ல.”

“அப்ப இன்னும் மேலதான இருக்கறாரு.”

“அடப்பாவி, அசையாமக் கெடக்குதடா! பறக்கறதுன்னா கொஞ்சமாச்சும் திரும்போணுமல்ல?”

நாச்சிமுத்து ரிமோட்டின் குச்சியை இடது பக்கம் தள்ளினான். அதே நேரம் காற்றும் அந்தப் பக்கம் தள்ள, தென்னை இடது பக்கம் சாய்ந்தது. வலது பக்கம் தள்ளினான். மரம் நிமிர்ந்து வலது பக்கம் வந்தது. அக்கா வாயைத் திறந்தபடி நின்றார். அதற்குள் கைக்கடிகாரத்தில் இரண்டு நிமிடம் ஓடிவிட்டது.

“செரி, ரூம நீங்களே வெச்சுக்குங்க. அதக் கீழ எடுங்க மொதல்ல” என்று தலையில் அடித்துக்கொண்டு, தேங்காய் பறிக்கும் ஆறுச்சாமிக்கு ஆள் அனுப்பினார்.

ஆபீஸ் பிழைத்தது. ஆனால் நாச்சிமுத்து ரிமோட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

“தலைவரே, இப்ப நான் ஓட்டிட்டிருக்கறது கிளைடரில்லீங். மரம்.”

“விட்றாதடா! விட்டீன்னா அக்கா வீட்டு மேல வந்து எறங்கிரும்!”

மருதாசலம் கீழே ஓடி வாசலில் இருந்த கோழி, ஆடு, வெங்காயக் கூடை எல்லாவற்றையும் ஓரம் கட்டினான். அதற்குள் ஆறுச்சாமி வந்து, அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று பாதி மரம் ஏறியிருந்தார். நாச்சிமுத்து ரிமோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடியிலிருந்து கத்தினான்:

“அண்ணா, நல்லாக் கெட்டியாப் புடிச்சுக்குங்க! மரத்தத் தரையிறக்கப் போறேன்!”