வீராயி அடைத்த உடைப்பு

ஐப்பசி மாதம், அடைமழை கூடியிருந்த நாள், பொழுது சாயும் நேரம். காட்டுக் குளத்தின் கரையில் விழுந்திருந்த உடைப்பைக் காட்டுப்பன்றி வீராயி அடைத்து முடித்தாள்.

அந்தக் கரை எவருக்கும் சொந்தமன்று. யார் வேண்டுமானாலும் அதில் மண் போடலாம். ஆனால் நெடுங்கண்ணி என்ற நண்டு பார்த்துவிட்டுக் கொடுக்கை உயர்த்தினால்தான் அந்த மண் கரையாகும்.

வீராயிக்கு அந்த வழக்கம் கசந்தது. ஒரு முழுக் கரையான் புற்றையே பெயர்த்து, உருட்டி வந்து, உடைப்பில் பொருத்தியவள் அவள். கரைக்கு அப்பால், பள்ளத்துக் கோரையில், அவளுடைய குட்டிகள் உறங்கின. கரை போனால் முதலில் மிதப்பவை அவைதாம்.

“என்ன உறுதி! என்ன வடிவு!” என்றது மயில். அது பார்த்தது புற்றின் மேல் விழுந்த தன் நிழலை.

“நன்று! நன்று!” என்றன தவளைகள். அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இத்தனை பேர் பார்த்தாயிற்று! இன்னும் என்ன சோதனை?” என்று உறுமினாள் வீராயி.

நெடுங்கண்ணி புற்றைத் தட்டிப் பார்த்தாள். “அக்கா, மேலே கல், உள்ளே சல்லடை. உடைத்து, நனைத்து, மிதித்துப் போடுங்கள்.”

“கரையில் வளை தோண்டுகிறவளா எனக்குப் பாடம் சொல்வது? முதலில் நேராக நடக்கக் கற்றுக்கொள்!”

“அது எனக்கு வராது, அக்கா. ஆனால் ஓட்டை எங்கே போய் முடியும் என்பது தெரியும். தோண்டுகிறவள் அல்லவா!”

சொன்னவள், புற்றின் நீர்ப்பக்கத்துத் துளை ஒன்றில் பக்கவாட்டில் நுழைந்து மறைந்தாள்.

“ஒழிந்தாள்!” என்று வீராயி மூச்சுவிடுவதற்குள், கரைக்கு அப்பால் ஓர் அலறல் எழுந்தது.

“அம்மா! என் வாலை யாரோ கடிக்கிறார்கள்!”

வீராயி ஓடினாள். அங்கே, புற்றின் மறுபக்கத் துளையில் பாதி உடலோடு, கடைக்குட்டியின் வாலைக் கவ்வியபடி இருந்தாள் நெடுங்கண்ணி.

“நான் வந்த வழியில் நாளைக்குத் தண்ணீர் வரும், அக்கா. அது வாலோடு விடாது!”

வீராயிக்குப் பிடரி மயிர் சிலிர்த்தது. புற்றை உடைத்தாள். தவளைகள் நீர் தெளித்தன. மயில் தோகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேறு மிதித்தது. நெடுங்கண்ணியின் கொடுக்கு உயர்ந்தபோது முதல் துளி விழுந்தது.

விடிய விடிய மழை கொட்டியது. கரை நின்றது, குட்டிகள் குறட்டை விட்டன.

மழை விட்ட மறுநாளே வீராயி சேற்றைக் கிளறி, ஒரு குவியல் நத்தைகளை நெடுங்கண்ணிக்குக் கொடுத்தாள். அதில் பாதியை, கடிபட்ட வாலுக்கு ஈடாக, கார்த்திகை பிறப்பதற்குள் கடைக்குட்டியிடம் சேர்த்தாள் நெடுங்கண்ணி.

பொதுக்கரையில் யாரும் மண் போடலாம். ஆனால் துளையறிந்தவர் உள்ளே புகுந்து பாராத வேலையை, காடே புகழ்ந்தாலும், முடிந்த வேலை என்று கொள்ளலாகாது.