ஜன்னலோரத்து ஒற்றை மேசை

மழை ஓய்ந்து ஆறு நிறைந்து ஓடும் நாட்களில், காட்டு விலங்குகள் எல்லாம் கப்பலேறிக் கடல் பார்க்கப் போகும். விழுந்த மருத மரங்களைக் கொண்டு யானைகள் கட்டிய கப்பல் அது. ஆமைதான் கேப்டன். கப்பலில் இருக்கும்வரை யாரும் யாரையும் தின்னக் கூடாது என்பது சட்டம். கிழங்கு, பழம், கீரை, தேன், இவ்வளவுதான் சாப்பாடு.

சாப்பாட்டுக் கூடத்தில் யார் எங்கே உட்காருவது என்று முடிவு செய்வது கருமுகி என்ற மந்தியின் வேலை. அது லேசான வேலை இல்லை. பகலில் இரை தேடுகிறவர்களுக்கு முதல் பந்தி, இருட்டில் விழித்திருப்பவர்களுக்கு இரண்டாம் பந்தி. சட்டம் இருந்தாலும் மானுக்குப் பக்கத்தில் சிறுத்தையை உட்கார வைக்க முடியாது. புதிதாக ஜோடி சேர்ந்தவர்கள் இருவர் மேசைதான் வேண்டும் என்பார்கள். குட்டிகளோடு வருகிறவர்கள் கதவோரம் கேட்பார்கள். எல்லோரையும் சண்டை சச்சரவில்லாமல் உட்கார வைத்துவிடுவாள் என்று கருமுகிக்குப் பெயர். அந்தப் பெயரில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

அந்த வருடம் முள்ளம்பன்றி கூரன் தனியாக வந்தார். எப்போதும் மனைவியோடு வந்து இருவர் மேசையில் உட்காருகிறவர். கோடையில் அவள் கண்ணியில் சிக்கி இறந்துபோனாள். முறைப்படி அவர் இரண்டாம் பந்திக்காரர். ஆனால் அங்கே வௌவால்கள் தலைகீழாகத் தொங்கி, பேசாமல் தின்றுவிட்டுப் போய்விடும். கூரன் கருமுகியிடம் தயங்கித் தயங்கி வந்தார்.

"நாலு பேர் இருக்கிற மேசையாகப் பார்த்துக் கொடம்மா. தனியாக உட்கார்ந்தால் ஒரு வாய்கூட உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது."

கருமுகிக்கு மனம் இளகியது. முதல் பந்தியில் ஒரு பெரிய மேசையில் அவருக்கு இடம் கொடுத்தாள். அங்கே நெட்டைச்செவி என்ற முயலும், இரண்டாம் பந்தியிலிருந்து மாறி வந்த, அழுங்கு என்ற எறும்புதின்னியும், தோகையன் என்ற மயிலும் இருந்தார்கள்.

முதல் நாள் கூரன் தலை நிமிராமல் சாப்பிட்டார். மறுநாள் முயல் கேட்ட ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொன்னார். பிறகு, தான் சின்ன வயதில் ஒரு பூசணிக்காய்க்குள் புகுந்து தின்றுகொண்டே போய், வெளியே வர வழி தெரியாமல் தவித்த கதையைச் சொன்னார். முயல் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த கீரை மேசையெல்லாம் சிதறியது. கூச்சக்கார அழுங்கும் பந்தாகச் சுருண்டுகொள்ளாமல் கடைசிவரை உட்கார்ந்து கேட்டது.

பந்தி கலைந்து மற்றவர்கள் போனதும் தோகையன் கருமுகியிடம் வந்து, அந்த முள் தன் தோகையில் பட்டுக் கிழித்துவிடும் என்றும், தனக்கு இது சரிப்படாது என்றும் ஓயாமல் புலம்பினான்.

கருமுகி யோசித்தாள். தோகையனை இடம் மாற்றினால் கப்பல் முழுக்கக் கத்துவான். கூரன் சாது. ஒரு வார்த்தை சொன்னால் எழுந்துவிடுவார். யாரை நகர்த்துவது சுலபமோ அவரை நகர்த்த முடிவு செய்தாள்.

"அண்ணா, ஜன்னலோரம் ஒற்றை மேசை ஒன்று இருக்கிறது. நல்ல காற்று வரும். உங்களுக்குத் தோதாக இருக்கும்" என்றாள்.

கூரன் அவளைப் பார்த்தார். "நான் அங்கே வேண்டாமென்று அந்த மேசையில் எல்லோருமே சொன்னார்களா?"

ஒருவன்தான் சொன்னான் என்றால் பேச்சு நீளும். ஆற்றாமை வரும், சண்டை வரும். "எல்லோருக்கும் அதுதான் வசதி அண்ணா" என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த வேளை பந்திக்கு வந்தபோது அவர் முட்களை உடம்போடு ஒட்ட மடக்கிக்கொண்டு, யார் மீதும் உரசாமல் நடந்துபோய் ஒற்றை மேசையில் உட்கார்ந்தார்.

முயல் அவரைத் தங்கள் மேசையில் காணாமல் விசாரித்தது. அதற்கும் கருமுகி சமாளித்தாள். அவருக்கே தனியாக இருக்கத்தான் பிடித்திருக்கிறது, தொந்தரவு செய்ய வேண்டாம் என்றாள். முயலுக்கு முகம் விழுந்துவிட்டது. தான் அதிகமாகச் சிரித்துவிட்டோமோ என்று அழுங்கிடம் சொல்லி வருந்தியது. தனிமையை விரும்புகிறவரை ஏன் சங்கடப்படுத்த வேண்டும் என்று இருவரும் அவர் பக்கமே திரும்பவில்லை. அவர்கள் திரும்பாததைக் கூரன் பார்த்தார். தன்னை ஒதுக்கியவர்கள் வேறு எப்படி இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

கூடத்தில் சத்தமில்லை, சண்டையில்லை. கருமுகி நிம்மதியாக இருந்தாள். கூரனின் இலையில் கிழங்கு அப்படியே மிஞ்சுவதை அவள் பார்க்காமல் இல்லை. கப்பல் ஆடுவது ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

கடலுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது, தண்ணீர் பிடிக்க ஒரு மணல்திட்டில் கப்பல் நின்றது. கூரன் இறங்கிக்கொண்டார். எதற்கு என்று ஆமை கேட்டபோது, கடலை மனைவிதான் ஆசையாகப் பார்ப்பாள், தனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். கப்பல் கிளம்பிய பிறகுதான் ஆமை இதைக் கூடத்தில் வந்து சொன்னது.

முயல் எழுந்து கருமுகியிடம் வந்தது. "எங்கள்மேல் அவருக்கு அப்படி என்ன கோபம்? போகும்போது ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போகிற அளவுக்கு?"

இனி மறைக்க அவளால் முடியவில்லை. நடந்ததைச் சொன்னாள். அழுங்கு அழுதது. தோகையன்தான் அதிகம் திகைத்துப்போனான்.

"அன்றைக்கு ஏதோ எரிச்சலில் சொன்னேன். மறு வேளையே தோகையை இந்தப் பக்கம் மடக்கிப் போட்டுக்கொண்டு, அந்தப் பூசணிக்காய்க் கதையை இன்னொரு தரம் சொல்லச் சொல்லலாம் என்றுதான் வந்தேன். அவருக்கே தனிமை பிடித்திருக்கிறது என்றதும் நம்பிவிட்டேன். நீ ஏன் என்னை மறுபடி கேட்கவில்லை?"

கருமுகி ஓடிப்போய்க் கப்பலைத் திருப்பச் சொல்லி ஆமையிடம் கெஞ்சினாள்.

வெள்ளம் இழுத்த இழுப்பில் கப்பலை உடனே திருப்ப முடியாது என்று ஆமை சொல்லிவிட்டது. அந்த வருடம் கடலை யாரும் ரசித்துப் பார்க்கவில்லை. திரும்பும் வழியில் மணல்திட்டு வந்ததும் முயல்தான் முதலில் குதித்தது. கருமுகியோடு சேர்த்து நால்வரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். ஓர் ஆள்காட்டிக் குருவி வந்து வழி காட்டியது.

தாழம்புதரின் அடியில் கூரன் சுருண்டு கிடந்தார். முட்கள் எல்லாம் உடம்போடு ஒட்ட மடங்கியிருந்தன. தான் கொண்டுபோய் வைத்த கிழங்கை அவர் தொடவே இல்லை என்றும், குளிர்காற்று அடித்த ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை என்றும் குருவி சொன்னது.

அழுங்கு குழி தோண்டியது. தோகையன் தோகை அழுக்காவதைப் பாராமல் மணலைத் தள்ளினான். கருமுகி முயலின் பக்கத்தில் போய் நின்றாள். முயல் நகர்ந்து அந்தப் பக்கம் போய்விட்டது.

ஒருவரை அவர் இடத்திலிருந்து எழுப்புமுன், குறை சொன்னவரை மட்டும் கேட்டால் போதாது. பேசாமல் இருந்தவர்களையும் கேட்க வேண்டும்.