முள்ளெலி பந்தாகச் சுருண்ட கதை

அந்தக் காலத்தில் முள்ளெலிக்கு முள்ளும் கிடையாது, வாய்க்குப் பூட்டும் கிடையாது. பஞ்சு மாதிரி ரோமம், ஓயாத பேச்சு.

ருமேனியாவில் மலைச்சரிவு ஊர் ஒன்றில், பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு கால்பந்து அணி தொடங்கினார்கள். மருத்துவ மாணவர்களின் வெள்ளை அங்கியை வெட்டித் தைத்ததுதான் சட்டை. கால்சட்டை, எழுதுகிற மையில் முக்கியெடுத்த கறுப்பு. அணியின் பெயரும் 'பல்கலைக்கழகம்' என்றுதான். வேறு பெயர் யோசிக்க யாருக்கு நேரம்? ஒரே ஒரு சட்டம்: படிக்கிறவன்தான் ஆடலாம். கடைசிப் பரீட்சையில் தேறிய அன்றே சட்டையைக் கழற்றிவிட வேண்டும். நன்றாக ஆடுகிறவனைத் துரத்த இப்படியும் ஒரு வழி! கோல்கீப்பர் டோரின் ஃபெயிலாக வேண்டும் என்று ஊரே சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றியது.

கோல் கம்பத்துக்குப் பின்னால்தான் முள்ளெலியின் வளை. பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போதெல்லாம் டோரினுக்கு அதுதான் பேச்சுத்துணை.

"பஞ்சு, அங்கே என்னடா நடக்குது?"

"உங்க ஆள் ஒருத்தன் பந்தை விட்டுட்டு வானத்தைப் பார்க்கிறான், அண்ணா. என்ன படிக்கிறான்?"

"தத்துவம்."

"அதானே பார்த்தேன்."

இரண்டு வருடம் ஃபெயிலான டோரின், மூன்றாம் வருடம் இலை உதிரும் பருவத்தில் தேறித் தொலைத்தான். வழக்கப்படி கையுறைகளைப் புதிய கோல்கீப்பரிடம் கொடுத்துவிட்டு, பெட்டியோடு வளைக்கு வந்தான்.

"போயே ஆகணுமா, அண்ணா? இன்னும் ஒரே ஒரு தடவை ஃபெயிலானால் என்ன?"

"எங்க ஊர்ல டாக்டரே இல்லைடா. எனக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க."

"நானும்தான் காத்துக்கிட்டிருப்பேன்."

டோரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். ஸ்டேஷனுக்குப் போகும் சரிவில் இறங்கினான்.

உருண்டு வருகிற எதையும் அவன் கை விட்டதில்லை. முள்ளெலிக்கு அது நன்றாகத் தெரியும். தலையை வயிற்றுக்குள் நுழைத்துக்கொண்டு, அவன் பின்னாலேயே உருண்டது. வழியெல்லாம் செஸ்ட்நட் மரங்கள் உதிர்த்த காய்களின் முள்தோல்கள். உருள உருள, அத்தனை முள்ளும் அதன் ரோமத்தில் தைத்துக்கொண்டது.

'அண்ணா' என்று கூப்பிடத்தான் பார்த்தது. தலை வயிற்றுக்குள் இருந்தால் குரல் எப்படி வெளியே வரும்?

சத்தம் கேட்டுத் திரும்பிய டோரின், பழக்கதோஷத்தில் பாய்ந்து பிடித்தான். வெறுங்கை. முள் உள்ளங்கையில் இறங்கியது. "ஐயோ, இதென்ன சனியன்!" என்று உதறினான். ரயில் கூவியது. ரத்தத்தைச் சப்பிக்கொண்டே ஓடிப்போனான்.

அன்று முதல்தான் காலடிச் சத்தம் கேட்டதும் முள்ளெலி பந்தாகச் சுருண்டுகொள்கிறது. பயம் என்பார்கள், விவரம் தெரியாதவர்கள். சற்றுப் பொறுத்து மூக்கை மட்டும் நீட்டி மோப்பம் பிடிக்கிறதே, அது வந்திருப்பது அவனா என்று பார்க்கத்தான்.