மடித்தவரே குதிக்க வேண்டும்

உங்கள் கையெழுத்தால் வேலையிழந்தவர்களில் ஒருவரின் முகமாவது உங்களுக்கு நினைவிருக்கிறதா? விடை சொல்ல அவசரமில்லை. முதலில் குழந்தைவேலுவைப் பற்றிக் கேளுங்கள்.

இராணுவத்துக்குக் கூடாரமும் தலைக்கவசமும் செய்து விற்கும் நிறுவனத்தின் தலைவர் அவர். வயது அறுபது. தம்மைவிட இருபது வயது இளையவரான மங்கையர்க்கரசி அம்மையாரைக் குருவாக ஏற்றிருந்தார்.

ஒருநாள் அவர்முன் அமர்ந்து குறைப்பட்டுக்கொண்டார்.

“அம்மா, பத்தாண்டுகளாக எல்லையில் அமைதி. இராணுவம் வாங்குவது பாதியாகிவிட்டது. நான் பிழைப்பது எப்படி?”

“போர் வரவில்லையே என்று கவலைப்படும் சீடர் எனக்கு வாய்த்திருக்கிறார்.”

“போரை யார் கேட்டார்கள்? ஆர்டர் இல்லை என்கிறேன்.”

“என்ன செய்வதாக இருக்கிறீர்கள்?”

“வாங்குவது குறைந்தால் விற்பவர்களும் குறைய வேண்டும். கடைசியில் மிஞ்சுகிறவன் நானாக இருக்க வேண்டும். போட்டி நிறுவனங்கள் இரண்டை வாங்கி மூடிவிட்டேன். மூன்றாவது, ஓசூரில் ஒரு பாராசூட் தொழிற்சாலை. இன்று மாலை ஐந்து மணிக்கு அங்கேயே கையெழுத்து. தங்கள் ஆசி வேண்டும்.”

அம்மையார் எழுந்தார்.

“வாங்கப்போவதை எனக்குக் காட்டுங்கள்.”

காரில் போனார்கள்.

அந்தத் தொழிற்சாலையின் நிலப்பத்திரத்தைக் குழந்தைவேலு மூன்று முறை படித்திருந்தார். இயந்திரங்களைப் பார்த்திருந்தார். மடிப்புக் கூடத்துக்குள் மட்டும் அவர் கால் வைத்ததே இல்லை.

நீண்ட மேசைகள். அவற்றின்மேல் வெண்துணி விரிந்து கிடந்தது. நடுத்தர வயதுப் பெண் ஒருவர் கயிறுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவி, துணியை மடித்து, பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒரு சீட்டில் பெயரெழுதிப் பையில் செருகினார். ரெஜினா.

“பெயர் எதற்கம்மா?” என்று அம்மையார் கேட்டார்.

“மாசம் ஒரு தடவை குலுக்கல்ல ஒரு பையை எடுப்பாங்கம்மா. யார் மடிச்சதோ, அவங்களே அதைக் கட்டிக்கிட்டு விமானத்துலேர்ந்து குதிக்கணும். இந்த மாசம் என் பேர் வந்திருக்கு.”

“பயமில்லையா?”

“பயம் இல்லாம என்ன? அந்தப் பயத்துலதான் ஒழுங்கா மடிக்கிறோம்.”

பக்கத்து மேசைக்காரர் தலை நிமிராமல் சொன்னார்: “போன தடவை இறங்கினதும் மூணு டம்ளர் டீ குடிச்சியே. அதையும் சொல்லு.”

கூடம் சிரித்தது. குழந்தைவேலுவும் சிரித்தார்.

அம்மையார் அவரிடம் கையை நீட்டினார்.

“உங்கள் திட்டத்தைக் கொடுங்கள்.”

கொடுத்தார். நின்றபடியே முழுவதையும் படித்தார் அம்மையார்.

“இந்தக் கூடத்தை மூடுகிறீர்கள். இருநூற்றுப் பத்துப் பேரில் நூற்று அறுபது பேரை வெளியே அனுப்புகிறீர்கள். இந்தத் திட்டத்தை மடித்தது யார்?”

“நான்தான். ஆலோசகர்கள் உதவினார்கள்.”

“வேலையிழந்து குதிப்பவர்கள் பட்டியலில் உங்கள் பெயரைக் காணோமே?”

“நான் போய்விட்டால் நிறுவனம் என்னாவது, அம்மா?”

“ரெஜினா போய்விட்டால் அவர் வீடு என்னாவது? அது எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது?”

குழந்தைவேலு தாள்களை வாங்கிப் புரட்டினார்.

அம்மையார் பேனாவை நீட்டினார்.

“எழுதிப் பாருங்கள். காகிதம்தானே.”

அவர் தயங்கினார். பிறகு பட்டியலின் உச்சியில் தம் பெயரை எழுதினார். முகத்தில் இன்னும் பாதிச் சிரிப்பு இருந்தது.

எழுதியபின் தாளை ஒருமுறை மேலிருந்து கீழே படித்தார். நடுவில் நின்றார். மறுபடியும் அதே வரியைப் படித்தார். சிரிப்பு போய்விட்டது.

“முப்பது நாள் அவகாசம் என்று போட்டிருக்கிறது.”

“நீங்கள் போட்டதுதான்.”

“அறுபது வயதில், முப்பது நாளில், ஒருவன் எங்கே போய் வேலை தேடுவான்?”

“எனக்குத் தெரியாது. இங்கே இருக்கிறவர்களைக் கேளுங்கள்.”

குழந்தைவேலு கூடத்தைப் பார்த்தார். முதன்முறையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“இந்தத் திட்டம் விரியாது, அம்மா,” என்றார் மெல்ல.

“மணி நான்கு ஆகிறது. கையெழுத்துக்கு வருகிறவர்கள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அந்த மேசையில் உட்காருங்கள். ரெஜினாவைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதல் வரியிலிருந்து மாற்றி எழுதுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். இன்றே, இப்போதே தொடங்குங்கள்!”