மேட்டு வாய்க்காலில் எட்டு முழம்

கூழாங்கொம்பையில் மலை சரிந்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. கீழ்த்தெரு என்று ஒன்று இப்போது இல்லை. ஒன்பது வீடும் மண்ணுக்கடியில் போனது, ஆள் ஒருத்தர் மிஞ்சவில்லை. தார்ப்பாயும் அரிசியும் வந்தன. வீடு அப்புறம், முதலில் வாய்க்கால் என்று ஊர் கூடி முடிவு செய்தது. கார்த்திகை மழை வலுப்பதற்குள் வெட்டாவிட்டால் மேல்தெருவும் போய்விடும்.

மலைத்தண்ணீரை ஊருக்குள் விடாமல் பள்ளத்துக்குத் திருப்புவது அந்த மேட்டு வாய்க்கால்தான். வீட்டுக்கு எட்டு முழம் பங்கு. புரட்டாசி பிறந்ததும் அவரவர் பங்கை அவரவர் தூர் வார வேண்டும். அடுத்த வீட்டுப் பங்கில் மண்வெட்டி வைத்தால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம், அபசகுனம்.

இந்த வருடம் சடையன் தன் பங்கைத் தொடவில்லை. ஐம்பது வயசில் அவனுக்கு ஞானப் பித்து. தூர் வாரும் நாளில் மலைமேல் மொட்டப்பாறையில் தனியாக இருக்கும் சாமியாரின் குடிசையில் உட்கார்ந்து ஆத்மா எது என்று கேட்டுக்கொண்டிருந்தான். பக்கத்துப் பங்குக்காரர்கள் பார்த்தார்கள். நாம் தொட்டால் அவன் குடும்பத்துக்கு ஆகாதே என்று விட்டுவிட்டார்கள். நல்ல எண்ணம்தான், என்ன செய்ய? ஐப்பசி மழை அந்த எட்டு முழத்தில்தான் உடைத்துக்கொண்டு இறங்கியது. அவன் மகளைக் கட்டிக்கொடுத்த வீடும் கீழ்த்தெருவில்தான் இருந்தது. பாவி, ஊரோடு சேர்ந்து அழக்கூட அவனுக்கு முகமில்லை.

வேலை தொடங்கிய அன்று ஊர்த்தலைவி நாச்சி வீட்டுப் பெயர்களைக் கூப்பிட்டாள். ஒன்பது பெயருக்குப் பதில் வரவில்லை. அந்தப் பங்குகளை நானே வெட்டுகிறேன் என்று சடையன் முன்னால் வந்தான்.

நாச்சி அவன் பக்கம் திரும்பவேயில்லை. “உன் கை அதுல படவேணாம்.”

அவன் நேரே மொட்டப்பாறைக்கு ஏறிச் சாமியின் காலில் விழுந்தான்.

“சாமி, இந்தப் பாவம் எதைச் செஞ்சா தீரும்?”

சாமி எழுந்தார். கூரையில் செருகியிருந்த மண்வெட்டியை உருவிக்கொண்டு இறங்கினார். பத்து வருடமாக ஊருக்குள் கால் வைக்காதவர். சடையன் பின்னாலேயே ஓடினான். சாமி நாச்சியிடம் போய், கீழ்த்தெருப் பங்கு ஒன்பதையும் தனக்கு விடும்படி கேட்டார். ஜனம் கையெடுத்துக் கும்பிட்டது. கும்பிடுகிற நேரத்தில் ஆளுக்கொரு கூடை மண் அள்ளலாம் என்று எரிந்து விழுந்தார்.

மண்வெட்டி பிடித்துப் பழகாத கை. மதியத்துக்குள் தோல் உரிந்து மண்வெட்டிக் காம்பெல்லாம் ரத்தம். சடையன் குறுக்கே வந்து நின்றான்.

“தப்பு செஞ்சவன் நான். நீங்க ஏன் சாமி இதைச் சுமக்கணும்?”

சாமி வெட்டுவதை நிறுத்தவில்லை. ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

“இத்தனை நாளா ஊர்கிட்டச் சொல்லாம என்னைக் காப்பாத்தினது போதும். அன்னிக்குப் பாதிப் பேச்சுல நீ எழுந்தே. வாய்க்கா முறை, போவணும் சாமின்னே. மண்ணு எங்கடா ஓடிடப் போவுது, உக்காருன்னு சொன்னது யாரு?”