ஓடுகிற மெஷின்

"சிஸ்டர், ஓடுற மெஷினை எப்ப மாத்தணும்?"

சிஸ்டர் ஜெசிந்தா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நின்னதும் மாத்தணும்."

"நின்னா ரிப்பேர் பண்ணிடுறோமே."

"அப்ப மாத்த வேண்டாம்."

அமலோற்பவத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பள்ளிக்கூடத்திலும் இவள் இப்படித்தான்.

கான்வென்ட்டில் இருவரும் ஒரே பெஞ்சு. ஒருத்தி துறவற வார்த்தைப்பாடு கொடுத்து சிஸ்டரானாள். இன்னொருத்தி, கொடைக்கானல் மலைப்பாதை இறங்கி முடிகிற இடத்தில், கார் கழுவும் தானியங்கி மெஷினைக் கொண்டுவந்து இறக்கினாள். அந்தப் பக்கத்தில் அதுதான் முதல் மெஷின். 'பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை' என்று அன்றைக்குக் கேட்டவர்கள் எல்லாரும் இன்றைக்கு அங்கேதான் கார் கழுவ வருகிறார்கள்.

ஆள் முன்னால் அமலி தோழியை 'சிஸ்டர்' என்றும் 'நீங்க' என்றும்தான் சொல்வாள். சிஸ்டர் யார் முன்னாலும் 'அமலி' என்றுதான் சொல்வார்.

மலையடிவாரத்தில் சிஸ்டர் இருந்த ஜெப வீட்டுக்குப் பல ஊர்களிலிருந்து ஆட்கள் கேள்வியோடு வந்தார்கள். வந்தவர்கள் பதிலோடு திரும்பியது குறைவு. ஏதாவது ஒரு வேலையோடு திரும்புவார்கள்.

"காசு இல்லையா?" என்று கேட்டார் சிஸ்டர்.

"பேங்க்ல சரின்னுட்டாங்க. புது மெஷினும் பார்த்து வச்சாச்சு."

"அப்புறம்?"

"மெக்கானிக், இது இன்னும் தாராளமா ஓடும்ங்கிறார். மெஷின் விக்கிறவர், இன்னைக்கே மாத்துங்கிறார். எங்க வீட்டுக்காரர், உன் இஷ்டம்ங்கிறார்."

"மூணு பேரும் சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

"அதான் தூக்கம் வரல."

சிஸ்டர் ஒரு காம்பை எடுத்து, உருவி, கீரையை முறத்தில் போட்டார்.

"கடைசியா எப்ப நின்னுச்சு?"

"போன ஞாயித்துக்கிழமை. பாதியில நின்னுடுச்சு. பிரஷ் ரெண்டும் கண்ணாடியை ஒட்டி அப்படியே நின்னுடுச்சு. ஆனா சீக்கிரமே சரி பண்ணிட்டோம்."

"உள்ள யாராவது இருந்தாங்களா?"

இருந்தார்கள். அதற்காகத்தானே வருகிறார்கள். மலையிலிருந்து இறங்குகிற குடும்பங்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கும். நான்கு பக்கமும் நுரை கொட்டும். நீலப் பிரஷ்கள் சுற்றிச் சுற்றி வரும். பிள்ளைகள் அதற்குப் பஞ்சு மழை என்று பேர் வைத்திருந்தார்கள். அந்தப் பேர் ஊருக்கே ஆகிவிட்டது.

"ஒரு சின்னப் பிள்ளை இருந்துச்சு. அழவே இல்லை சிஸ்டர்."

"அழலையா?"

"இல்லை. வெளிய வந்ததும் அந்தம்மாகூடச் சிரிச்சுக்கிட்டே பரவாயில்லன்னுட்டாங்க."

"பிள்ளை என்ன பண்ணுச்சு?"

அமலி முறத்தைப் பார்த்தாள்.

"அம்மா கழுத்துச் செயினைப் பிடிச்சுக்கிச்சு. விடவே இல்லை."

சிஸ்டர் கீரை உருவுவதை நிறுத்தினார். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"போ. மறுபடி நின்னா வா."

அமலி அந்த வாரமே வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள்.

"நின்னுச்சு. ஆனா நின்ன வேகத்துல ஓடிடுச்சு."

"தானாவா?"

"எங்ககிட்ட வேலை பார்க்கிற முனியசாமி மெஷின் தூண்ல ஒரு தட்டு தட்டுவான். இடது பக்கத் தூண். அவன் தட்டினா சென்சார் முழிச்சுக்கும்."

"வேற யாரும் தட்டினா?"

"முழிக்காது. கை பழகணும்ல?"

சொல்லும்போதே அவளுக்குப் பெருமை வந்துவிட்டது. பின்சக்கரத்துக்கு மேலே மெஷின் எப்போதும் ஒரு திட்டு விட்டுவிடும். கூட வேலை பார்க்கிற செல்வி துணியோடு பின்னாலேயே போய், கார்க்காரர் இறங்குவதற்குள் துடைத்துவிடுவாள். வலது பிரஷ் ஒரு பக்கம் சாயும். லாரி டியூபை வெட்டிக் கட்டியிருக்கிறார்கள். பிரஷைப் பிடிக்கிற சாமான் இப்போது கம்பெனியிலேயே வருவதில்லை. வந்தால் மட்டும் என்ன, டியூப் அதைவிட நன்றாகப் பிடித்திருக்கிறது.

"எங்க மெஷினோட குணம் எங்களுக்கு அத்துப்படி சிஸ்டர். புதுசா ஆள் வந்தா நாங்களே ஒரு வாரம் சொல்லிக் குடுப்போம்."

"நல்லா வேலை செய்றாங்க."

"யாரு?"

"முனியசாமியும் செல்வியும்."

அமலிக்குக் காது சுட்டது. வராந்தாவில் வேறு யாரும் இல்லை என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"ஜெசி, கிண்டல் பண்றியா? நான் உன்கிட்ட ஒரு தேதி கேட்டு வந்திருக்கேன். இந்த மாசமா, அடுத்த மாசமா, அடுத்த வருசமா. அவ்வளவுதான்."

"சனிக்கிழமை எங்க வேனைக் கொண்டு வர்றேன்."

"எதுக்கு?"

"கழுவத்தான். ஆனா யாரும் தட்டக் கூடாது. யாரும் துடைக்கக் கூடாது. மெஷின் மட்டும் கழுவணும்."

"அவ்வளவுதானா? கழுவும். வந்து பாருங்க."

"இப்ப 'நீங்க' வந்துடுச்சே" என்றார் சிஸ்டர்.

சனிக்கிழமைக்கு முன்னால் அமலி மெஷினைக் கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி ஆக்கிவிட்டாள். மெக்கானிக் வந்து எல்லா மூட்டுக்கும் கிரீஸ் வைத்தார். சென்சாருக்குப் புது ஒயர் வந்தது. டியூபை அவிழ்த்துவிட்டு, கடைசல் பட்டறையில் சொல்லி ஒரு வளையம் செய்து மாட்டினார்கள். வெள்ளிக்கிழமை பூராவும் காலிக் கார்களை விட்டு விட்டு ஓட்டிப் பார்த்தாள். ஒரு தடவைகூட நிற்கவில்லை. பின்சக்கரத்துத் திட்டும் இல்லை.

"என்னக்கா, மெஷினுக்கு வயசு குறைஞ்சிடுச்சு" என்றான் முனியசாமி.

"சிஸ்டர் வந்து பார்க்கட்டும்" என்றாள் அமலி. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

காலையில் ஜெப வீட்டு வேன் வந்தது. சக்கரம் தொடங்கிக் கூரை வரை செம்மண். சிஸ்டரே ஓட்டி வந்தார்.

முனியசாமி இரண்டு கைகளையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான். செல்வி துணியைக் கொடியில் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடா கையைக் கட்டியிருக்கே?" என்றாள் அமலி.

"தானாத் தூண் பக்கம் போகுதுக்கா. அதான்."

சிஸ்டர் சிரித்துவிட்டார். "முதல்ல சும்மா ஓட்டிக் காட்டு, பார்ப்போம்."

அமலி பொத்தானை அழுத்தினாள். மெஷின் காலி மேடையின் மேல் போனது. நுரை விழுந்தது, பிரஷ் சுற்றியது, காற்று அடித்தது. எந்தச் சத்தமும் முனகலும் இல்லை. போன வழியே திரும்பி வந்து, தன் இடத்தில் அமைதியாக நின்றது.

அமலி சிஸ்டரைப் பார்த்தாள். பரீட்சைத் தாள் வாங்கப் போகிற பிள்ளையின் முகம் அவளுக்கு.

"நல்லா இருக்கு" என்றார் சிஸ்டர்.

"நான்தான் சொன்னேனே."

"நிசமாவே நல்லா இருக்கு."

சிஸ்டர் வேனை மேடையில் ஏற்றி நிறுத்தினார். அதற்குள் பின்னால் இன்னொரு கார் வந்து நின்றது. மலையிலிருந்து இறங்கிய வெளியூர்க் கார். பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள் மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி, மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உள்ளயே இருக்கலாம்ல?" என்று கேட்டார் சிஸ்டர்.

"தாராளமா இருங்க சிஸ்டர். கண்ணாடியை மட்டும் ஏத்திக்குங்க."

சிஸ்டர் கண்ணாடியைப் பாதி ஏற்றினார். பிறகு நிறுத்திவிட்டு, அலுவலக அறைப் பக்கம் பார்த்தார்.

அங்கே அமலியின் மகள் ஷெரின் உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்பு. சனிக்கிழமைகளில் அம்மாவோடு வந்துவிடுவாள்.

"ஷெரின்! பஞ்சு மழைக்கு வர்றியா? என் மடியில உக்காரு."

வண்ணப் பென்சில்கள் தரையில் சிதறின. ஷெரின் ஒரே ஓட்டமாக ஓடி வந்தாள்.

"வேண்டாம்!"

யாரோ கத்தினார்கள். முனியசாமி திரும்பிப் பார்த்தான். செல்வி திரும்பிப் பார்த்தாள். இருவரும் பார்த்தது தன்னைத்தான் என்று தெரிந்தபோது, அமலியின் கை மகளின் கவுனைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்திருந்தது.

"விடும்மா" என்றாள் ஷெரின்.

அமலி விடவில்லை.

"மெஷின் நல்லா இருக்குன்னியே" என்றார் சிஸ்டர். குரலில் கேலி இல்லை.

"நல்லாத்தான் இருக்கு. பிள்ளைக்கு... பிள்ளைக்குச் சளி பிடிச்சுக்கும்."

"அம்மா எப்பவும் இதையே சொல்வாங்க சிஸ்டர்" என்றாள் ஷெரின். "கண்ணாடிதான் மூடியிருக்கே, எப்படிச் சளி பிடிக்கும்? மத்தப் பிள்ளைங்க எல்லாம் போகுதுங்க. எங்க கடைதான், ஆனா என்னை மட்டும் விடமாட்டாங்க."

"முன்னாடி போயிருக்கியா?"

"ஓ! தினமும் போவேன்."

"கடைசியா எப்ப போனே?"

ஷெரின் யோசித்தாள். முன்பல் விழுந்த இடத்தில் நாக்கை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"எல்.கே.ஜி-ல."

சிஸ்டர் அமலியைப் பார்க்கவில்லை. வேனின் முன்கண்ணாடி வழியாக நேராக மெஷினைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

எல்.கே.ஜி. அந்த வருசம் என்ன நடந்தது என்று அமலி தேடிப் பார்த்தாள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சாயங்காலம் முனியசாமி முதல் தடவையாகத் தூணைத் தட்டினான். மெஷின் ஓடியது. எல்லாரும் கை தட்டினார்கள். அவளும்தான் தட்டினாள். மறுநாள் ஷெரின் காரில் ஏறியபோது, சளி பிடிக்கும் என்று சொல்லி இறக்கிவிட்டாள்.

அவ்வளவுதான்.

பின்னால் வெளியூர்க் கார் ஹாரன் அடித்தது. பொறுமையாக, ஒரே ஒரு தடவை. பின்சீட்டுப் பிள்ளைகளில் சின்னது கண்ணாடியில் ஆவி ஊதி, விரலால் எதையோ வரைந்துகொண்டிருந்தது. முன்சீட்டிலிருந்து அதன் அம்மா கையைப் பின்னால் நீட்டி, பிள்ளையின் முடியை ஒதுக்கிவிட்டாள்.

அமலி மகளின் கவுனை விட்டாள்.

பேனலுக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. வாசலுக்கு நடந்து, ராத்திரியில் மட்டும் மாட்டுகிற இரும்புச் சங்கிலியை இழுத்து வந்து, வாசல் தூண்கள் இரண்டுக்கும் குறுக்கே கட்டினாள்.

முனியசாமி பின்னாலேயே ஓடி வந்தான்.

"என்னக்கா இது? ஒரு தட்டுகூடத் தட்டலியே! மெஷின் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் அமலி, கொக்கியை மாட்டிவிட்டு.

வேன் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சிஸ்டர் இறங்கி, அங்கியின் கைகளை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டார்.

"அமலி, வாளி எங்க இருக்கு?"